ஜவ்வரிசி டப்பாவில் சிறுகுறிஞ்சான்

சென்னை
22.6.1997

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக ஹாஸ்டல் வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக் கொடுத்த புளிச்சோறு திண்டிவனம் வருவதற்குள் தீர்ந்துவிட்டது. அண்ணனிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நான் பட்டினியாகப் போனதாக நினைத்துக்கொண்டிருப்பார்.

அப்பாவிடம் நான் அப்படி வாய் விட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் நீங்களும் பக்கத்தில் நின்றுகொண்டுதானே இருந்தீர்கள்? "பாட்டில்ல கொடி வளர்க்கறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு நாலு வருஷம்" என்று அவர் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கார்த்திகை தீபத்துக்குள்ள என் விதை நம்ம மண்ணுல முளைக்கலன்னா, நீங்க சொல்ற கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளையையே கட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவரும் "சரி, இதான் பேச்சு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். அப்பாவை நமக்குத் தெரியாதா. இனி அவர் மாறமாட்டார். கல்யாணம் ஆனால் கடலை மில் வைத்திருக்கும் அவர்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆராய்ச்சியாவது ஒன்றாவது.

அது என்ன விதை என்று பஸ் நிறுத்தத்தில் நீங்கள் கேட்டீர்கள், நான் பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. இப்போது சொல்கிறேன். நம் கிணற்றங்கரை வேலியில் சிறுகுறிஞ்சான் கொடி படர்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? இலையை மென்றுவிட்டுச் சர்க்கரையைத் தின்றால் மண் மாதிரி இருக்குமே, அதுதான். சர்க்கரை நோய்க்கு மருந்து என்று தெரிந்ததும் மூலிகை வியாபாரிகள் மலையைச் சுற்றி இருந்ததையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போனார்கள். நம்முடையதும் அப்படித்தான் போயிற்று. அதன் சொந்த விதை சீக்கிரம் உயிர் விட்டுவிடும். தண்டை ஒடித்து நட்டாலும் லேசில் வேர் பிடிக்காது.

அதனால் ஒரு குருத்தைப் பாட்டிலில் வளர்த்து நூறாகப் பெருக்குகிறோம். ஒவ்வொரு சின்னக் கணுவையும் கடற்பாசியிலிருந்து எடுத்த பசையில் தோய்த்து, சுண்ணாம்புச் சத்து கரைத்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விடுவோம். சொட்டு அப்படியே உருண்டு கெட்டியாகிவிடும். உள்ளே உயிருள்ள கணு, வெளியே பசைக்கூடு. அதுதான் செயற்கை விதை. சாதாரண விதை போலவே மண்ணில் போட்டு முளைக்க வைக்க முடிந்தால், ஒரே கொடியிலிருந்து ஒரு மலைக்குப் போதுமான கொடி கிடைக்கும்.

கண்ணாடி அறைக்குள் முளைக்கிறது. வெறும் மண்ணில் இன்னும் முளைக்கவில்லை. நம் டீக்கடைக்குப் பின்னால் வேம்பு நிழலில் கொஞ்சம் இடம் வேண்டும், பார்த்துக்கொள்ள நீங்கள் வேண்டும். எங்கள் பேராசிரியை அபீதகுஜாம்பாள் மேடம் சரி சொல்லிவிட்டார். அவருக்கும் திருவண்ணாமலைதான், கோயில் குருக்கள் வீட்டுப் பெண். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் அன்பு நாத்தனார்,
எழிலரசி

அடி அண்ணாமலை
30.6.1997

அன்புள்ள எழில்,

கடிதம் கிடைத்தது. பஸ் நிறுத்தத்தில் நான் கேட்டது ஒரு வரி, நீ எழுதியிருப்பது ஒரு பாடம். பரவாயில்லை, புரிந்தது. கேசரிக்குள் முந்திரி வைக்கிற மாதிரி என்று சொல்லியிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

நீ வாய் விட்டதன் பலனை இங்கே நான் அனுபவிக்கிறேன். மாமா கடைக்கு டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று. கிரிவலம் வந்த வேலூர்க்காரர் ஒருவர் என்னிடமே கேட்கிறார், "உங்க வீட்டுல பந்தயமாமே" என்று. அத்தை ஒரு படி மேலே போய் வெண்கல அண்டாவுக்கு விலை விசாரித்துவிட்டார். மாப்பிள்ளைப் பையன் பேர் பாலாஜியாம். குணமான பிள்ளை என்கிறார்கள். அவன் அம்மா ரேணுகாம்பாள் குணத்தைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அதிலிருந்தே நீ தெரிந்துகொள்.

வேம்படியில் இடம் தருகிறேன். ஆனால் எனக்குப் புரிகிற மாதிரி எழுத வேண்டும். பௌர்ணமி அன்று என்னை எதுவும் கேட்கக் கூடாது, அன்றைக்குக் கடையில் மூச்சு விட நேரமில்லை. ஏதாவது தப்பாகப் போனால் என்னைத் திட்டக் கூடாது.

உன் அண்ணன் நலம். உனக்குப் பரிந்து பேசப் போய் மாமாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அன்புடன்,
அண்ணி அன்புச்செல்வி

சென்னை
14.7.1997

அன்புள்ள அண்ணிக்கு,

முதல் விதைகளை நம்ம ரூட் பஸ் கண்டக்டர் சக்கரபாணி அண்ணனிடம் ஐஸ் பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளையாக, முத்து முத்தாக இருக்கும். உள்ளே பச்சைப் புள்ளி தெரியும், அதுதான் உயிர். அதைக் கையால் நசுக்காதீர்கள்.

சின்னச் சின்னக் கப்புகளில் மணலும் மக்கிய எருவும் கலந்து, மேலாக ஒன்று ஒன்றாக வைத்து லேசாக மூடுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. உங்களுக்குக் கை தாராளம் என்று தெரியும், அதனால்தான் இதை இரண்டு முறை சொல்கிறேன். தண்ணீர் தேங்கக் கூடாது.

அன்புடன்,
எழில்

அடி அண்ணாமலை
9.8.1997

அன்புள்ள எழில்,

தண்ணீர் தேங்கவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

விதை வைத்த மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் எறும்பு. இந்தப் பக்கம் வேம்பு, அந்தப் பக்கம் கிணறு, நடுவில் உன் விதையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஊர்வலம். மஞ்சள் தூவினேன். சுற்றி வேறு பக்கமாகப் போயின. எறும்பு விட்டுவைத்ததில் பூஞ்சணம் பிடித்தது. மிச்சம் ஒன்றுகூட இல்லை.

மாமா எட்டிப் பார்த்துவிட்டு, "எறும்புக்கு தீவனம் போடறதுக்கு பட்டணத்துலேர்ந்து ஐஸ் பொட்டியா" என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று அவர் டீயில் சர்க்கரை போடவில்லை. ஏன் எழில், அதில் இனிப்பு எதற்கு வைத்தாய்? எறும்புகளுக்குத் தெரிந்திருக்கிறதே.

மனசு விடாதே. தீபத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணி

சென்னை
5.9.1997

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டது சரியான கேள்வி. பாட்டிலில் வளரும்போது கணுவுக்குச் சர்க்கரைதான் சாப்பாடு, அதனால் பசையிலும் கலந்தோம். கண்ணாடி அறைக்குள் எறும்பு கிடையாது, எங்களுக்குத் தோன்றவே இல்லை. மேடம் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்து, "பசையிலேர்ந்து சக்கரையை எடுத்துடு" என்று சொல்லிவிட்டார்.

இந்தத் தடவை சர்க்கரை இல்லாத விதை. கப்புகளை ஒரு ட்ரேயில் அடுக்கி, ட்ரேயைச் செங்கல் மேல் ஏற்றி, செங்கல்லைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் வையுங்கள். எறும்பு ஏறாது.

இன்னொன்று. கடைகளில் விற்கும் விதை போல இதுவும் இருப்புத் தாங்குமா என்று பார்க்க வேண்டும். அதனால் வந்ததும் விதைக்காதீர்கள். கடைப் பிரிட்ஜில் கீழ்த்தட்டில் இரண்டு வாரம் இருக்கட்டும். அப்புறம் நான் எழுதுகிறேன்.

இதற்காக என்னிடம் இருந்த நல்ல குருத்தையெல்லாம் போட்டுவிட்டேன் அண்ணி. இது போனால் மறுபடி பெருக்கி எடுக்க ஒன்றரை மாதம் ஆகும். உங்களை நம்பித்தான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
எழில்

அடி அண்ணாமலை
18.9.1997

அன்புள்ள எழில்,

உட்கார்ந்துகொண்டு படி. கையில் டம்ளர் கிம்ளர் இருந்தால் கீழே வை.

முந்தாநாள் பௌர்ணமி. கூட்டம் ஜாஸ்தி, கடைப் பிரிட்ஜில் கூல் டிரிங்க்ஸ் அடுக்க இடம் இல்லை. உன் பாட்டில் உயரமாக இருந்தது, படுக்க வைத்தால் ஒழுகுமோ என்று பயம். அதனால் முதல் நாளே உன் விதையை ஒரு எவர்சில்வர் டப்பாவில் மாற்றி வீட்டுப் பிரிட்ஜில் வைத்தேன். அது ஜவ்வரிசி டப்பா. காலியாக இருந்தது, கழுவித் துடைத்துத்தான் மாற்றினேன்.

கிரிவலம் வந்த கீழ்பென்னாத்தூர்க்காரர்கள், ஒரு வேன் நிறைய, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "சும்மா, பொண்ணு வீட்டையும் ஒரு பார்வை பார்த்துட்டு போலாம்னு" என்றாராம் ரேணுகாம்பாள். நானும் உன் அண்ணனும் கடையில். அத்தை பாயசம் வைக்கலாம் என்று பிரிட்ஜைத் திறந்திருக்கிறார். டப்பாவில் ஊறின ஜவ்வரிசி. மருமகள் முன்யோசனையாக ஊறப் போட்டு வைத்திருக்கிறாள் என்று என்னைப் புகழ்ந்துகொண்டே அடுப்பில் ஏற்றிவிட்டார். நான் இந்த வீட்டுக்கு வந்து அவர் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை.

எவ்வளவு கொதித்தாலும் அது வேகவில்லை. பழைய சரக்கு என்று நினைத்து, பாலும் சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அப்படியே டம்ளரில் ஊற்றிக் கொடுத்திருக்கிறார். ரேணுகாம்பாள் ஒரு வாய் மென்றார். அடுத்த வாய் குடித்தார். "இன்னாங்க, சக்கரை போட மறந்துட்டீங்களா?" அத்தை உள்ளே போய்க் கரண்டியால் பாலை மட்டும் நக்கிப் பார்த்தார், இனிப்பாக இருந்தது. இருந்தாலும் இன்னும் இரண்டு கை போட்டார். இனிக்கவில்லை. இன்னும் போட்டார். மென்றவர்கள் யாருக்கும் இனிக்கவில்லை. மாமா வாழைப்பழத்தை உரித்துக் கடித்துவிட்டு, "என் நாக்கு செத்துப்போச்சாடி" என்று அத்தையைக் கேட்டிருக்கிறார்.

இதில் பாலாஜி மட்டும், "நல்லா தித்திப்பாதாம்மா இருக்குது" என்று சொல்லி இரண்டாவது டம்ளர் வாங்கியிருக்கிறான். அந்தப் பிள்ளை மெல்லாமல் விழுங்குகிற ரகம் போல. அவன் அம்மாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "பொண்ணையே இன்னும் பார்க்கல, இப்பவே மாமியா வீட்டுக்கு பரிஞ்சி பேசறியா" என்று வேன் ஏறும்வரை அவனைத் திட்டிக்கொண்டே போனாராம்.

நான் சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். கழுவப் போட்டிருந்த பாத்திரங்களோடு அந்த டப்பா கிடந்தது. பாயசப் பாத்திரத்தில் மிச்சமிருந்ததை ஒரு வாய் மென்று, சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டேன். மண். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது எழில், நிற்கவே இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் உன்னை நினைத்ததும் அழுகை வந்தது.

சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாதே? உடனே எழுது.

அண்ணி

சென்னை
23.9.1997

அண்ணிக்கு,

யாருக்கும் ஒன்றும் ஆகாது. அது கடற்பாசி, ஐஸ்கிரீமிலும் போடுவார்கள்.

எனக்குத்தான் ஆகிவிட்டது. விதையை ஜவ்வரிசி டப்பாவில் போட்டு வைப்பார்களா யாராவது? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வைக்கக் கூடாதா? நீங்கள் சிரித்தேன் என்று வேறு எழுதுகிறீர்கள். இங்கே மேடத்திடம் போய் இதைச் சொல்ல வேண்டியிருந்தது எனக்கு. இது போனால் மறுபடி பெருக்க ஒன்றரை மாதம் ஆகும் என்று எழுதியிருந்தேனே.

இதையெல்லாம் படிப்பின் அருமை தெரிந்தவர்கள் கையில் கொடுத்திருக்க வேண்டும். என் தப்பு.

எழிலரசி

அடி அண்ணாமலை
29.9.1997

உயர்திரு எழிலரசி அவர்களுக்கு,

தங்கள் பாட்டில் ஒன்று, ஐஸ் பெட்டி ஒன்று, கண்டக்டர் சக்கரபாணி வசம் திருப்பி அனுப்பியுள்ளேன். கழுவித்தான் அனுப்பியிருக்கிறேன்.

படிப்பின் அருமை எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். பிளஸ் டூ முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த வாரத்தில்தான் உங்கள் வீட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தீர்கள். நீங்கள் அப்போது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள். பஜ்ஜி நன்றாக இருந்தது என்று சொல்லி இன்னொன்று கேட்டு வாங்கினீர்கள். விண்ணப்பம் அலமாரிக்குள் இருந்தது, யாரும் அதைக் கேட்கவில்லை.

இங்கே அனைவரும் நலம்.

இப்படிக்கு,
ஜவ்வரிசிக்கும் விதைக்கும் வித்தியாசம் தெரியாத
ப. அன்புச்செல்வி

சென்னை
6.10.1997

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தது எனக்குத் தெரியாது. எட்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், நான் உங்களை ஒரு நாளும் கேட்டதில்லை. பஜ்ஜி மட்டும் ஞாபகம் இருக்கிறது, அதுவும் நீங்கள் எழுதியதால்.

நான் எழுதியது கேவலமான வார்த்தை. விதை போன துக்கத்தில் எழுதினேன் என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். என்னைத் திட்டி எழுதுங்கள். "உயர்திரு" மட்டும் வேண்டாம்.

தீபாவளிக்கு வர முடியாது. ஆய்வுக்கூடத்தில் பின்வரிசை பாட்டில்களில் மெலிந்த குருத்துகள் கொஞ்சம் இருந்தன. அவற்றைப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன்.

எழில்

சென்னை
10.11.1997

அன்புள்ள அண்ணிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தீபாவளிக்கு நீங்கள் அதிரசமும் அனுப்பவில்லை. அண்ணன் போனில், "அவ நல்லாதான் இருக்கா, உன் பேச்சை எடுத்தா மட்டும் அடுப்படிக்கு போயிடறா" என்றார்.

மூன்றாவது விதைகள் இத்துடன் வருகின்றன. இது கடைசி. தீபத்துக்குள் வேறு எடுக்க வழியில்லை. இருப்பு வைக்கும் சோதனை எல்லாம் இப்போது வேண்டாம், வந்ததும் விதைக்க வேண்டியதுதான். நீங்கள் விதைப்பீர்களா என்றுகூட எனக்குத் தெரியாது. விதைக்காவிட்டாலும் நான் எதுவும் சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் கையைத் தவிர வேறு யாருக்கும் அனுப்ப எனக்கு மனமில்லை.

எழில்

அடி அண்ணாமலை
17.11.1997

எழிலுக்கு,

என் கோபம் இன்னும் தீரவில்லை. விதை மேல் எனக்கு என்ன கோபம்? வந்த அன்றைக்கே விதைத்துவிட்டேன்.

செங்கல், தண்ணீர்த் தட்டு எல்லாம் நீ சொன்னபடி. மழை இந்த வருஷம் விடாமல் பெய்கிறது, அதனால் மேலே பாலிதீன் கட்டியிருக்கிறேன். அத்தை இப்போது உப்பு டப்பாவைத் திறப்பதற்குக்கூட, "இதுல ஒண்ணும் இல்லையேம்மா" என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார்.

பாயசத்தோடு ரேணுகாம்பாள் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. பிள்ளைக்குப் பிடித்துவிட்டதாம், வீடுதான், உன்னை இன்னும் பார்க்கவில்லையே. தீபம் முடிந்து மூன்றாம் நாள் வெற்றிலை பாக்கு மாற்ற வருகிறோம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மாமா, "தீபத்தன்னிக்கு மண்ண பார்த்துட்டு சொல்றேன்" என்று பதில் அனுப்பினார். பேச்சு மாறாத மனிதர்தான்.

பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம், உன் கடிதம் வந்த அன்றே எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. மீதியையாவது கொஞ்ச நாள் வைத்திருக்கலாம் என்று பார்த்தேன். அதிரசம் இத்துடன் வருகிறது. கடினமாகிவிட்டது, உனக்கு அதுதான் சரி.

அண்ணி

அடி அண்ணாமலை
15.12.1997

என் செல்ல எழில்,

நீ ஜெயித்துவிட்டாய். வெற்றிலை பாக்கு கிடையாது. உன் படிப்பு முடிகிறவரை உன்னை யாரும் கேட்க மாட்டார்கள். முதலில் இதைப் படித்து ஒரு தடவை சிரித்துவிடு. அடுத்ததைப் படித்தால் சிரிக்க மாட்டாய்.

தினமும் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. தீபத்துக்கு முதல் நாளும் கப்பெல்லாம் வெறும் மண். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போன விதையும் என்னால் போயிற்று, இதுவும் என் கையிலேயே போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன்? கன்னியம்மாள் கொல்லை வேலியில் ஒரு சிறுகுறிஞ்சான் கொடி ஒளிந்துகொண்டிருக்கிறது, வியாபாரிகள் கண்ணில் படாதது. மழையோடு மழையாகப் போய் நுனிகளை ஒடித்து வந்து, நடு வரிசைக் கப்புகளில் நட்டுவிட்டேன்.

தீபத்தன்று சாயங்காலம் மாமா வந்தார். ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் என் ட்ரேயைக் குனிந்து பார்க்கிறார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்து, "சரி" என்றார். அவ்வளவுதான். மறுநாளே ஆள் அனுப்பிக் கீழ்பென்னாத்தூருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பாயசத்துக்கு நான் பட்ட கடன் தீர்ந்தது. நீ உன் வேலையைப் பார். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

உன் அண்ணி

சென்னை
19.12.1997

அன்புள்ள அண்ணிக்கு,

சிரித்தேன். நீங்கள் சொன்னபடி முதல் பாராவுக்கு மட்டும். அப்புறம் மொட்டை மாடிக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். எனக்காக மழையில் போய் வேலி ஏறியிருக்கிறீர்கள். எனக்கு இதுவரை யாரும் இப்படி ஒன்று செய்ததில்லை அண்ணி.

ஆனால் இதை இப்படியே விட என்னால் முடியாது. நீங்கள் கோபப்பட்டாலும் சரி. ஜனவரியில் மேடம் ட்ரேயைப் பார்க்க வருகிறார். அவரிடம் உண்மையைச் சொல்வேன், அது எனக்குக் கஷ்டமில்லை. அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம். பந்தயம் போட்டது நான். பொய்யில் வாங்கிய அவகாசத்தில் உட்கார்ந்து படித்தால் ஒவ்வொரு நாளும் எனக்கு உறுத்தும். நான் தோற்றுவிட்டேன் என்று அவரிடம் நானே சொல்லிவிடுகிறேன். அப்புறம் அவர் சொல்கிறபடி ஆகட்டும்.

ஆனால் சொன்னால் உங்கள் பேர் வரும். மாமனாரிடம் உங்களைக் காட்டிக்கொடுத்ததாக ஆகும். அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது. அதனால் அப்பாவுக்கு உங்கள் பேர் போடாமல் எழுதிய கடிதத்தை இதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் கையில். கொடுக்காவிட்டால் பொங்கலுக்கு வந்து நானே சொல்கிறேன், அவர் நேரில் கேட்டால் உங்கள் பேர் இல்லாமல் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எப்படியானாலும் நீங்கள் எனக்கு எந்தக் கடனும் படவில்லை.

உங்கள்
எழில்

அடி அண்ணாமலை
27.12.1997

அன்புள்ள எழில்,

நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்னைத் திட்டினேன். உன் அண்ணனிடம் திட்டினேன், அடுப்பிடம் திட்டினேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து தப்பித்தவள் தானாகவே திரும்ப வேன் ஏறுகிறாளே என்று. மறுநாள் காலையில் மாமா கடையில் தனியாக இருந்தார். உன் கடிதத்தை நானே பிரித்து அவருக்குப் படித்துக் காட்டினேன். நீ என் பேரை விட்டுவிட்டு எழுதியிருந்த இடத்தில் என் பேரைச் சேர்த்துப் படித்தேன்.

அவர் டீயைக் குடித்து முடித்தார். அப்புறம் சொன்னார்: "எனக்கு தெரியும்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் நெலத்துல பொறந்து வளந்தவன்மா. மண்ணுலேர்ந்து முளைச்சதுக்கு மொத எலையே அம்மாம் பெருசா இருக்குமா? ஒரு எலை மேல காக்கா எச்சம் வேற. பாலிதீனுக்குள்ள காக்கா எப்படிப் பூந்துச்சு?"

"தெரிஞ்சும் ஏன் மாமா சரின்னீங்க?"

அவர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். "நாத்தனாருக்காக ஒரு பொண்ணு மழையில நனைஞ்சி கொடி ஒடிச்சாந்து நட்டு வெச்சிருக்குது. அத பார்த்தப்புறம் நான் இன்னா பேசறது? இந்த ஊட்டுல ஒருத்தி படிக்கறதுக்கு இன்னொருத்தி இம்மாம் பாடுபடறாளேன்னு எனக்குதான் வெக்கமா பூட்ச்சு."

எழில், நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக மாமா முன்னால் அழுதேன். அவருக்கு என்ன செய்வது என்று தெரியாமல் எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்தார். வாயில் வைக்க முடியவில்லை, ஆனால் முழுக்கக் குடித்தேன்.

இப்போது ட்ரே விஷயம். நான் நட்ட நுனியெல்லாம் நாலு நாளில் வாடி விழுந்துவிட்டது. நடு வரிசையைச் சுத்தம் செய்து கொட்டிவிட்டேன். ஓர வரிசையில் நான் கை வைக்கவே இல்லை. நேற்று அங்கே பாலிதீனைத் தூக்கிப் பார்த்த மாமா என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். நானும் பார்த்தேன். ஆனால் என்ன பார்த்தேன் என்று எழுதமாட்டேன். நான் சொன்னால் இனி நீ நம்புவாயா? நான் உன் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன். நீயே வந்து மண்ணை விலக்கி, அடியில் உன் பசைக்கூடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல். மாமா ட்ரே மேல் கூடையைக் கவிழ்த்து, பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். யாரையும் கிட்டே விடுவதில்லை. முக்கியமாக என்னை.

பொங்கல் வரை காத்திருக்காதே. மேடத்தையும் அழைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வா.

இன்று காலையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்போது தைரியமாகக் கேட்டேன். "எழில் வந்து பார்த்துட்டு, இது வெதையிலேர்ந்து வந்தது இல்லன்னு சொல்லிட்டா என்ன பண்ணுவீங்க மாமா? அப்ப கல்யாணமா?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அடுத்த மழைக்கு இன்னொரு தபா வெதைக்க சொல்லு" என்றார்.

அன்புடன்,
உன் அண்ணி அன்புச்செல்வி